பூட்டியிருந்ததாக நான் எழுதிய வீடு

போன மாதம் எங்கள் வீட்டில் இன்டர்நெட் நின்றுவிட்டது. பெங்களூரில் இருக்கும் மகள் ஞாயிறு பூசை முடிந்ததும் முகம் காட்டிப் பேசுவாள். அது இல்லாமல் என் மனைவிக்கு நாள் போகவில்லை. புகார் கொடுத்த மறுநாள் ஃபைபர் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். செருப்பைக் கழற்றும் முன்பே, "அங்கிள், உங்க செல்லுக்கு நாலு நம்பர் வந்திருக்கும், சொல்லிருங்க" என்றார். அந்த எண்ணைச் சொல்லிவிட்டால் புகார் தீர்ந்ததாகப் பதிவாகிவிடுமாம்.

வேலையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேனே என்றேன். "பாத்துருவேனுங்க. அஞ்சு மணிக்குள்ள முடிக்கலீன்னா மேல இருந்து ஏச்சு வரும். நீங்களும் லைன்ல இருந்தவரு, உங்களுக்குத் தெரியாததா" என்று சிரித்தார். நல்ல மனிதர்தான். பீரோவுக்குப் பின்னால் மடங்கிக் கிடந்த கம்பியைக் கண்டுபிடித்து மாற்றிக் கொடுத்தார். கிளம்பும்போதுதான் கேட்டார்: "இந்த நம்பர் எல்லாம் இல்லாத காலத்துல நீங்க கம்ப்ளெயின்ட்ட எப்படிங்க க்ளோஸ் பண்ணுவீங்க?"

டீ ஆறுகிறது, குடியுங்கள் என்று பேச்சை மாற்றிவிட்டேன். அவர் கேட்டதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். செபம் செய்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் அப்பா குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியவர். எங்கள் பங்குச் சாமியார் சொல்லி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் குழி வெட்டும் தினக்கூலியாகச் சேர்ந்தேன். பதினோரு வருடம் குழி வெட்டினேன், கம்பம் சுமந்தேன். அப்புறம் லைன்மேன். பிராட்பேண்ட் வந்தபோது கோயம்புத்தூரில் மூன்று நாள் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார்கள். பாதி புரியவில்லை. மீதியைக் கம்பத்தின் மேல் ஏறி நின்று கற்றுக்கொண்டேன். பழுது தேடிப் புறப்படும்போது, காணாமற்போனதைக் காட்டிக்கொடுக்கும் அந்தோணியாரை வேண்டிக்கொள்வேன். அவர் என்னைக் கைவிட்டதில்லை. நான்தான் ஒரு முறை அவரை விட்டுவிட்டுப் புறப்படாமலே இருந்தேன்.

அது பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாமல் போன காலம். பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று பலர் இலையைச் செடியிலேயே விட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய செடி மரமாக வளர்ந்து பூத்துக் கிடந்தது. பேக்டரிகள் ஒவ்வொன்றாகப் புகை விடுவதை நிறுத்தின. ஆண்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கிப் போனார்கள். போகாதவர்களில் சிலர், பட்டினி பொறுக்க முடியாமல், எங்கள் செம்புக் கேபிளை வெட்டி எடைக்குப் போட்டார்கள். இன்று சேர்த்துவிட்டு வந்த கேபிள் நாளை அறுந்திருக்கும். ஆறு பேர் பார்த்த வேலைக்கு மூன்று பேர் இருந்தோம்.

அப்போதுதான் ஹேமா மேடம் எங்களுக்கு அதிகாரியாக வந்தார்கள். என்னைவிடப் பதினைந்து வயது சிறியவர். ஈரோட்டுப் பக்கம். குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. நாங்கள் எது சொன்னாலும் ஒரே கேள்விதான் வரும். "மோடம் போயிருச்சு மேடம்" என்றால், நிமிர்ந்து பார்த்து, "பாத்தீங்களா, நெனச்சீங்களா?" என்பார்கள். நினைத்தேன் என்று ஒப்புக்கொண்டால் திட்ட மாட்டார்கள், போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வார்கள். பார்த்தேன் என்று பொய் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: "மோடத்துல ரெண்டாவது வெளக்கு எரிஞ்சுதா, விட்டு விட்டு எரிஞ்சுதா?" அதிலே மாட்டிக்கொள்வோம்.

இன்டர்நெட் நின்றால் எப்படித் தேடுவது என்பதற்கு மேடம் ஒரு வரிசை வைத்திருந்தார்கள். முதலில் வீட்டுக்குள் போக வேண்டும். போன், நீட்டி இழுத்த ஒயர், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து கம்பி வந்து சேரும் முதல் பெட்டியில் மோடத்தை மட்டும் மாட்ட வேண்டும். லைன் வருவதைக் காட்டும் இரண்டாவது விளக்கு நிலைத்து நின்றால் பழுது வீட்டுக்குள். நிற்காவிட்டால் கம்பத்துப் பெட்டி. அங்கே சரியென்றால் பழுது கம்பத்துக்கும் வீட்டுக்கும் இடையில். சரியில்லை என்றால் எக்ஸ்சேஞ்ச் வரையுள்ள தூரத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துச் சோதித்துக்கொண்டே நடக்க வேண்டும். எதையும் ஊகித்து நடுவிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. "வீட்டுக்குள்ள போகாம எந்தப் பழுதும் எனக்குச் சொல்லாதீங்க" என்பார்கள்.

எங்களிடமும் ஒரு வழக்கம் இருந்தது. அது மேடத்துக்கு முந்தைய காலத்து வழக்கம். ஒரு புகார் மறுநாளுக்குத் தங்கினால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும். தீர்ந்தது என்று எழுத வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். கையெழுத்தே தேவைப்படாத பதில் ஒன்றுதான் இருந்தது: வீடு பூட்டியிருந்தது. மலையேறிப் போக முடியாத நாளில், எக்ஸ்சேஞ்சிலிருந்தே அந்த எண்ணுக்கு ஒரு போன் போடுவோம். எடுக்கவில்லை என்றால் ஆள் இல்லை என்று வைத்துக்கொண்டு, சாயங்காலம் 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதிப் புகாரை முடித்துவிடுவோம். அவர்களுக்குத் தேவையென்றால் மறுநாள் புதிதாகப் புகார் கொடுப்பார்கள்.

இதில் இருக்கும் கோணல் எனக்குத் தெரியாமல் இல்லை. கம்பி அறுந்த போனுக்கு வெளியிலிருந்து அழைத்தால், அழைப்பவர் காதில் மணி போகும். வீட்டில் ஒலிக்காது. செத்துப்போன போனைப் பற்றித்தான் புகாரே வந்திருக்கிறது. அந்த போனுக்கே மணி அடித்துப் பார்த்து, எடுக்க ஆளில்லை என்று எழுதினோம்.

சுமதி என்ற அந்தப் பெண்ணின் புகார் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. ஜெகதளாவுக்கு மேலே, ரோட்டிலிருந்து அரை மணி நேரம் தேயிலைக்குள் ஏறிப் போக வேண்டிய வீடு. கணவர் நடராஜன் ஒரு இலை பேக்டரியில் எடை போட்டுக்கொண்டிருந்தவர். அது மூடியதும் திருப்பூர் போய்விட்டார். மாமியார் பகலெல்லாம் வேறு ஒருவர் தோட்டத்தில் இலை பறிப்பார். சுமதி பி.காம் படித்தவர். கோயம்புத்தூர் ஆபீஸ் ஒன்று டாக்டர்கள் பேசிய பேச்சைக் கம்ப்யூட்டரில் அனுப்பும். காதில் மாட்டிக் கேட்டு அதைத் தட்டச்சு செய்து அன்றைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அந்த வீட்டில் அடுப்பெரிந்தது அந்த வேலையில்தான். அவர்களுக்கு லைன் கொடுத்தவனே நான். குழந்தை இல்லாத வீடு. பகலில் தனியாக இருக்கும் பெண். அக்கம்பக்கம் என்ன பேசும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போன் செத்துவிட்டது, இன்டர்நெட் வந்து வந்து போகிறது என்பது புகார். அன்று கேபிள் வெட்டு இரண்டு இடத்தில். மோடம் சூடாகியிருக்கும் என்று நினைத்தேன். எக்ஸ்சேஞ்சிலிருந்து மணி அடித்தேன், எடுக்கவில்லை. வீடு பூட்டியிருந்தது என்று எழுதினேன். புதன்கிழமை மறுபடி புகார், மறுபடி அதையே எழுதினேன். வியாழனும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஒருவழியாக ஏறிப் போனேன். வாசலில் நடராஜன் நின்றிருந்தார். முந்தின நாள் ராத்திரி திருப்பூரிலிருந்து வந்திருக்கிறார். கம்ப்யூட்டர் சாக்கில் கட்டி மூலையில் வைக்கப்பட்டிருந்தது. சுமதி சுவரோரம் நின்றார். கண் வீங்கியிருந்தது, அழுததால் மட்டும் வந்த வீக்கமாக எனக்குத் தெரியவில்லை. மாமியார் அடுப்படியை விட்டு வரவில்லை.

நடந்தது இதுதான். மூன்று நாளும் பகலில் அவர் திருப்பூரிலிருந்து வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார். மணி போகிறது, எடுக்க ஆளில்லை. கடை போனிலிருந்து மனைவி பேசியபோது போன் செத்துக் கிடக்கிறது என்றிருக்கிறார். மணி போகிறதே, எப்படிச் செத்தது என்று இவர் கேட்டிருக்கிறார். அதற்கு அந்தப் பெண்ணால் விளக்கம் சொல்ல முடியவில்லை. பிறகு வியாழன் சாயங்காலம் இவரே புகார் எண்ணுக்கு அழைத்துக் கேட்டிருக்கிறார். ஆள் மூன்று நாளும் வந்தார், வீடு பூட்டியிருந்தது என்று பதில் கிடைத்திருக்கிறது.

"நீங்கதானுங்களா மூணு நாளா வந்து பாத்தது?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

அதற்கு முன் வருடம் ஒரு மெமோ வாங்கியிருந்தேன். இன்னொன்று வந்தால் என்ன ஆகும் என்பதுதான் முதலில் மனதில் ஓடியது. ஆண்டவர் நினைவு வரவில்லை.

"ஆமாங்க" என்றேன்.

"ஊடு பூட்டிருந்துச்சுங்களா?"

நான் வாய் திறக்கும் முன் சுமதி பேசினார். கோபமே இல்லை அந்தக் குரலில். "அண்ணா, நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க. மேல் ஊட்டுக்குக் கீது போயிருப்பீங்க. அவங்க ஊருக்குப் போயிருக்காங்க, அதுதான் பூட்டியிருக்குது."

எனக்கு ஒரு வழி விட்டார். நான் பொய் சொல்கிறேன் என்று சொல்லாமல், வீடு மாறிப் போய்விட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இடம் கொடுத்தார். அந்த லைனைக் கொடுத்தவனே வீடு மாறிப் போனான் என்றால் அதற்கும் ஆபீசில் பதில் சொல்ல வேண்டுமே என்று நினைத்தேன்.

"இல்லீங்க, இதே ஊடுதானுங்க."

சுமதி என்னைப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

அதற்கப்புறம் நான் என் வேலையைச் செய்தேன், மேடம் சொன்ன வரிசைப்படியே. சாக்கிலிருந்த மோடத்தை எடுத்து முதல் பெட்டியில் மாட்டினேன். இரண்டாவது விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. கம்பத்தில் ஏறினேன். பெட்டிக்குள் அவர்கள் வீட்டுக்கு வரும் இரண்டு கம்பியில் ஒன்று திருகுக்கு அடியில் பச்சைக் களிம்பு பிடித்து இற்றுப்போயிருந்தது. ஒரு கம்பி போனால் போன் செத்துவிடும். இன்டர்நெட் மட்டும் மற்ற கம்பியில் நொண்டிக்கொண்டு வரும். மூடுபனி இறங்கி ஈரம் ஒட்டினால் கொஞ்சம் வரும், வெயில் பட்டால் போகும். கம்பியைச் சீவி, புதிதாக முறுக்கி மாட்டினேன். ஐந்து நிமிட வேலை. கீழே போன் ஒலிப்பதைச் சோதித்துவிட்டு, நடராஜனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

மறுநாள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியார் எல்லாம் கேட்டுவிட்டு, "ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்ட. அந்தப் பொண்ணோட பேர யார் திருப்பிக் குடுக்கறது?" என்றார். நான்தான் சாமி என்றேன். சொல்லிவிட்டு எட்டு நாள் எதுவும் செய்யவில்லை. செபமாலை உருட்டினேன். முழங்கால் வலிக்க முட்டி போட்டேன். ஜெகதளா ஏறவில்லை.

ஒன்பதாம் நாள் மேடம் மேசைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. நடராஜன் லைனைத் திருப்பிக் கொடுக்கிறார். காரணம் 'தேவையில்லை'. மேடம் என்னைக் கூப்பிட்டார்கள். பத்து நாள் முன்னால் சரி செய்த லைன். அதற்கு முன் மூன்று நாள் விடாமல் புகார். இவ்வளவு தேவைப்பட்டவருக்கு இப்போது ஏன் தேவையில்லை? குடும்பப் பிரச்சினையாக இருக்கும் என்றேன். சுமதி தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

மேடம் புகார்த் தாள்களைப் புரட்டினார்கள். "மூணு நாள் பூட்டியிருந்துச்சு."

"ஆமாங்க மேடம்."

"பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பது வயது ஆள், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வாசலில் வைத்துச் சொன்ன பொய்யையும், அந்தப் பெண் விட்ட வழியையும். மேடம் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, "இதையே உங்க கையால எழுதுங்க. இது சர்வீஸ் புக்குக்குப் போகும். இன்கிரிமென்ட் நிக்கும்" என்றார்கள். எழுதினேன். அது நின்றது. அதில் எனக்கு வருத்தமில்லை.

நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே மேடம் கம்ப்யூட்டரில் எதையோ தேடி அச்செடுத்தார்கள். அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. வீட்டில் மோடத்தைப் போடும்போதும் அணைக்கும்போதும் எக்ஸ்சேஞ்சில் நேரம் பதிவாகுமாம். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் காலை ஒன்பதரையிலிருந்து சாயங்காலம் வரை வரி வரியாக இருந்தது. கோயம்புத்தூர் வேலை கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று அந்தப் பெண் மோடத்தை அணைத்து, போட்டு, அணைத்து, போட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த வேலை வியாழனோடு போய்விட்டது என்று பிற்பாடு தெரிந்தது.

மேடமும் நானும் ஜீப்பில் ஜெகதளா போனோம். நடராஜன் வீட்டில் இருந்தார். நான் முதலில் சொன்னேன்: நான் வரவே இல்லை, பொய் எழுதினேன், பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை. "இப்ப யாருங்க உங்கள இப்படிச் சொல்லச் சொன்னது? அவ அண்ணனா?" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒரு பொம்பளைக்காக ஒரு ஆளு வேலையே போனாலும் பரவால்லன்னு வர்றாருன்னா, நான் என்னன்னுங்க எடுத்துக்கறது?" என்றார். உண்மையைச் சொன்னதும் அந்தப் பெண் மேல் இன்னொரு கறை விழுந்தது. பொய்யை ஒரு வாரம் வளரவிட்டால் உண்மைக்கும் அந்தக் கதிதான்.

மேடம் தாளை விரித்து, ஒவ்வொரு வரிக்கும் என்ன அர்த்தம் என்று மட்டும் சொன்னார்கள். நடராஜன் விரலை வைத்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"மூணு நாளும் பதினொண்ணுல இருந்து பன்னெண்டே காலு வரைக்கும் ஒண்ணுமில்லீங்களே. தெனமும் அதே நேரத்துக்கு எங்க போனா?"

அத்தனை வரியில் அவருக்கு அந்த இடைவெளிதான் தெரிந்தது.

மேடம் பையிலிருந்து மூன்று புகார்த் தாள்களை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்கள். புகார் வந்த நேரம் மூன்றிலும் பதினொன்றரையை ஒட்டி இருந்தது. பேசிய போன் ஜெகதளாக் கடை போன். "எங்களுக்குப் புகார் குடுக்க நடந்து போயிருக்காங்க. முத நாளே நாங்க வந்திருந்தா, மத்த ரெண்டு நாள் போயிருக்க வேண்டியதில்ல" என்றார்கள். நாங்கள் என்றார்கள். நீ என்று என்னைக் காட்டவில்லை.

அடுப்படியிலிருந்து மாமியார் வந்து நின்றார். "அன்னிக்கே சொன்னேன்டா, கையோங்காதேன்னு" என்றார் மகனிடம். நடராஜன் தாளை மடித்து மேடத்திடம் கொடுத்தார். பிறகு, சுமதியிடம் போகிறீர்கள் என்றால் நானும் வருகிறேன், கூட்டிப் போங்கள் என்றார்.

சுமதியின் அம்மா வீடு கோத்தகிரி ரோட்டில், எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு லயத்தில். நாங்கள் போனபோது சுமதி தலையில் துண்டைக் கட்டி, இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, இலை பறிக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் வேலை வந்த பிறகு அவர் விட்டிருந்த வேலை அது. நடராஜன் ஜீப்பை விட்டு இறங்கி, பக்கத்தில் போகாமல், பாதையோரம் நின்றார். மேடம் சுமதியிடம் தாளைக் கொடுத்தார்கள்.

அவர் நின்றபடியே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். நேரங்களைப் படிக்கும்போது உதடு அசைந்தது. மடித்தார்.

"இத அவருகிட்டயே குடுத்துருங்க மேடம்" என்றார். "நான் ஊட்டுல இருந்தது எனக்குத் தெரியும்."

"சுமதி" என்று நடராஜன் கூப்பிட்டார். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நான் கைகூப்பிக்கொண்டு முன்னால் போனேன்.  தங்கச்சி என்று மட்டும் வாயில் வந்தது. அவர் கூடையின் வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டார்.

"எல முத்திருமுங்க, நான் போகோணும்" என்று சொல்லிவிட்டு தேயிலை நிரைக்குள் ஏறிவிட்டார்.